அசிங்கம், குரோம்பேட்டை முதல் பீச் வரை

குரோம்பேட்டையில் நாங்கள் குடியிருந்த தெருவில் காலையில் பால் வருவதற்கு முன்பே ‘அசிங்கம்’ வந்துவிடும். எதிர்வீட்டுக் குழந்தை கால்சட்டை இல்லாமல் வாசலுக்கு ஓடிவந்தால் அசிங்கம். மாடிக் கொடியில் உள்பாவாடை தெருப்பக்கமாகக் காய்ந்தால் அசிங்கம். விருந்தாளி வந்த நேரத்தில் சர்க்கரை டப்பா காலியாக இருந்தால் அது மகா அசிங்கம். மூன்றாவது வீட்டுக்காரர் நல்ல உத்தியோகத்தில் இருந்தவர். மாதத்தில் இரண்டு நாளாவது மனைவியைப் போட்டு அடிப்பார். அந்த அம்மாள் அலறுவது தெருமுனை டீக்கடை வரை கேட்கும். அதைப் பற்றி எங்கள் தெருப் பெண்கள் சொன்னது இவ்வளவுதான்: “ஜன்னலையாவது சாத்திக்கக் கூடாதா? அசிங்கமா இருக்கு.” அடித்ததற்கு அந்தச் சொல்லை யாரும் செலவழித்து நான் கேட்டதில்லை. ஜன்னல் திறந்திருந்ததற்குத்தான் செலவழித்தார்கள்.

அகராதியைப் புரட்டினால் அருவருப்பு, அழுக்கு, மானக்கேடு என்று வரிசையாகப் போட்டிருக்கும். அதை எழுதிய புண்ணியவான் தாம்பரம் பக்கம் குடியிருந்ததில்லை போலிருக்கிறது. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: நாலு பேர் பார்த்துவிட்டார்கள். யாரும் பார்க்காதவரைக்கும் எதுவும் அசிங்கம் கிடையாது. பார்த்துவிட்டால், செய்தவன் யார், செய்வித்தவன் யார் என்ற விசாரணையெல்லாம் இல்லை. யார் கண்ணில் பட்டானோ அவன் தலையில் விடியும்.

இதையெல்லாம் ஏதோ உயரத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தத் தெருவில் பதினோரு வருடம் குடித்தனம் செய்தவள் நான். அந்தச் சொல்லை மற்றவர்களைவிடச் சரளமாகவே பேசினேன். அதன் பொருள் எனக்கு நன்றாகவே தெரியும் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் பீச் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். காலை எட்டேகாலுக்கு மேல் மின்சார ரயில். வண்டி கிளம்புவது தாம்பரத்தில். அடுத்தது சானடோரியம், அதற்கடுத்தது எங்கள் குரோம்பேட்டை. இரண்டே ஸ்டேஷன்தான், ஆனால் எங்களிடம் வந்து சேரும்போது பெண்கள் பெட்டியில் காலை ஊன்ற இடம் இருக்காது. படப்பையிலிருந்து பஸ்ஸில் வந்து ஏறியவர்கள், செங்கல்பட்டு வண்டியிலிருந்து மாறியவர்கள், தாம்பரத்துக்காரர்கள் என்று அத்தனை பேரும் உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் பீச் வரை ஒரு மணி நேரம் கம்பியில் தொங்க வேண்டும். மாசமாக இருந்தபோதும் நான் தொங்கியிருக்கிறேன். இரக்கம் காட்டி எழுந்தவர்கள் ஒன்றிரண்டு பேர்தான்.

இதற்கு எங்கள் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த வைத்தியம்தான் ‘ரிட்டன்’. பீச் போக வேண்டியவள் குரோம்பேட்டையில் எதிர்த்திசையில், தாம்பரம் போகும் வண்டியில் ஏற வேண்டும். அது தாம்பரம் போனதும் இறங்கக் கூடாது. கூட்டம் இறங்கியவுடன், தாம்பரத்துக்காரர்கள் உள்ளே பாய்வதற்கு முன் ஜன்னலோரமாக உட்கார்ந்துவிட வேண்டும். அதே வண்டி திரும்பிப் பீச்சுக்குக் கிளம்பும். தாம்பரத்துக்காரி முண்டியடித்து ஏறிப் பார்த்தால், அவளுடைய ஊரில் கிளம்புகிற வண்டியில் குரோம்பேட்டைக்காரி கால்மேல் கால் போட்டு வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருப்பாள்.

ஆறு பேர் ஒரு குழுவாக இருந்தோம். ஆறு பேரும் தினமும் தாம்பரம் போய் வந்தால் வீட்டு வேலை கெடும் என்று முறை வைத்துக்கொண்டோம். ஒருநாள் ஒருத்தி முன்னதாகக் கிளம்பிப் போய் ஆறு இடம் பிடித்து வர வேண்டும். தான் ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, மற்ற ஐந்து இடங்களிலும் கைக்குட்டை, டிபன் பை, குடை என்று எதையாவது போட்டு வைக்க வேண்டும். மீதி ஐந்து பேர் குரோம்பேட்டையில் மகாராணிகள் மாதிரி ஏறி உட்காருவோம்.

எங்களிடம் இருந்த சீசன் டிக்கெட் குரோம்பேட்டையிலிருந்து பீச் வரைக்கும்தான். தாம்பரம் போய் வருவது சட்டப்படி டிக்கெட் இல்லாத பயணம். தாம்பரத்திலிருந்தே சீசன் எடுத்திருந்தால் யாரும் குறைந்துபோயிருக்க மாட்டோம். அரசுச் சம்பளம் வாங்குகிற ஆறு பேருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நான்கூட ஒருமுறை கேட்டேன், “அக்கா, தாம்பரத்துலேர்ந்தே சீசன் எடுத்துடலாமே” என்று. கேட்டது எங்கள் குழுத் தலைவியிடம். அவர் இன்னோர் அலுவலகத்தில் சூப்பிரண்டு. நாங்கள் சூப்பிரண்டு அக்கா என்போம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“குரோம்பேட்டைல குடியிருந்துகிட்டு தாம்பரத்துலேர்ந்து சீசன் எடுத்தா, கவுன்ட்டர்ல என்ன நினைப்பான்? இதுங்க ரிட்டன் போற கூட்டம்னு நினைக்க மாட்டான்? அசிங்கம்” என்றார்.

இந்த அறிவை என்னவென்று சொல்வது? டிக்கெட் இல்லாமல் போவது அசிங்கமில்லை. டிக்கெட் எடுத்தால், போகிறோம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், அதுதான் அசிங்கம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள்கூட இந்த அளவுக்கு யோசிக்க மாட்டார்கள். எனக்கு அப்போது அது சிரிப்பாகக்கூடத் தெரியவில்லை. நியாயமான பேச்சு என்று தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

சூப்பிரண்டு அக்கா இன்னொரு விதியும் வைத்திருந்தார். “செக்கர் கிட்ட யாராவது மாட்டினா, தூங்கிட்டேன், இறங்க மறந்துட்டேன்னு சொல்லிடணும். மத்தவங்க பேரை இழுக்கக் கூடாது. மத்தவங்களும் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கக் கூடாது. அசிங்கம் ஒருத்தரோட போகட்டும்.” இதைக் கேட்டபோதும் தலையை ஆட்டினோம். காலை எட்டு மணிக்குக் குரோம்பேட்டையில் ஏறி, இரண்டு ஸ்டேஷனுக்குள் ஒருத்தி எப்படித் தூங்குவாள் என்று யாரும் கேட்கவில்லை.

பெட்டியில் எங்களுக்கு ஜன்மப் பகை ஒன்று உண்டு. படப்பைப் பக்கத்திலிருந்து கீரை கொண்டுவரும் ஓர் அம்மாள். ஈரக் கூடையோடு தாம்பரத்தில் ஏறிக் கதவோரம் குத்துக்காலிட்டு உட்காருவார். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டி எங்கள் செருப்புப் பக்கம் வரும். உடனே நாங்கள் புடவையைத் தூக்கிக்கொண்டு, “ஐயே, அசிங்கம், அசிங்கம்” என்று கோரஸ் பாடுவோம். அந்த அம்மாள் சும்மா விடுகிற ஆள் இல்லை.

“கீரத் தண்ணி அசிங்கமா? நீ துன்றப்போ இன்னா, கீரய காய வெச்சா துன்ற?” என்பார். காலி இடத்தில் கிடக்கும் கைக்குட்டையைக் காட்டி, “இந்தத் துணி இன்னா டிக்கெட்டு வாங்கிகினு வந்துச்சா? மனுசி நின்னுகினு வரா, துணி குந்திகினு வருது” என்பார். பெட்டியே சிரிக்கும். நாங்கள் காதில் விழாத மாதிரி ஜன்னல் வழியாகப் பல்லாவரம் மலையை ரசிப்போம். செக்கர் வந்தால் அந்த அம்மாள் சுருக்குப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து மடிப்புப் பிரித்து நீட்டுவார். அவரிடம் ஒருநாளும் டிக்கெட் இல்லாமல் இருந்ததில்லை.

எங்கள் குழுவில் ஆறாவது ஆளாக இருந்தவர் மாற்றலாகிப் போனதும், எங்கள் தெருவிலிருந்தே ஒரு பெண்ணை நான்தான் சேர்த்துவிட்டேன். எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளிக் குடியிருந்தார்கள். இருபத்துமூன்று வயது இருக்கும். டைப்பிங் முடித்து, பாரிமுனையில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அப்பாவுக்கு ஒரு கை வராது, அம்மா அப்பளம் இட்டு வீடு வீடாகக் கொடுப்பவர். என்னை அக்கா என்பாள். வாய் கொஞ்சம் அதிகம், சிரிப்பு அதைவிட அதிகம். சூப்பிரண்டு அக்காவுக்கு அவளைப் பிடிக்கவில்லை. “இது ஓட்டை வாய், பார்த்துக்கோ” என்று என்னிடம் முதல் வாரமே சொன்னார்.

அந்த வருடம் தை மாதத்தில் அவளுக்கு ஒரு வரன் வந்தது. பையன் மேற்குத் தாம்பரம். நல்ல வேலை, நல்ல குடும்பம். பெண் பார்த்துப் பிடித்துப்போய், சீர்வரிசை பற்றிக்கூட அதிகம் பேசாமல், மாசி பிறந்ததும் நிச்சயம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பளம் இடும் அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது எனக்கு நினைவிருக்கிறது. “இது தானா வந்த சம்பந்தம்மா. இது விட்டுப்போனா இப்படி ஒண்ணை நாங்க தேடிப் போக முடியாது” என்றார். அவள் மட்டும் ரயிலில், “தாம்பரத்துல கல்யாணம் ஆயிட்டா நான் நெஜமாவே தாம்பரத்துல ஏறுவேன்க்கா. உங்க அஞ்சு பேருக்கும் நான் இருக்கற வரைக்கும் சீட்டு” என்று சிரிப்பாள்.

நிச்சயத்துக்குப் பத்து நாள் இருக்கும். மறுநாள் வெள்ளிக்கிழமை, ரிட்டன் போக வேண்டிய முறை என்னுடையது. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, அவ்வளவு சீக்கிரம் ஓட எனக்குச் சோம்பல். மாலை வீட்டுக்கு நடந்து வரும்போது அவளிடம், “நாளைக்கு எனக்குப் பதிலா நீ போயிட்டு வந்துடேன்” என்றேன். “போறேன்க்கா. இதுக்கு எதுக்கு தயங்கறீங்க” என்றாள். நான் தயங்கவே இல்லை. அவள்தான் அப்படி நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை நாங்கள் ஐந்து பேரும் குரோம்பேட்டை பிளாட்பாரத்தில், வழக்கமாகப் பெண்கள் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் நின்றிருந்தோம். என் தலைமுடி இன்னும் ஈரம் காயவில்லை. வண்டி வந்து நின்றது. கதவிலேயே அவள் நின்றிருந்தாள். பக்கத்தில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண் செக்கர். அவள் முகத்தில் பயம்கூடப் பெரிதாக இல்லை. எங்களைப் பார்த்ததும் அப்பாடா என்று ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தை நான் நன்றாகப் பார்த்தேன், அதனால்தான் சொல்கிறேன்.

“இவங்கதான் மேடம். இவங்களுக்கு சீட்டுப் போடத்தான் நான் தாம்பரம் வந்தேன். நாங்க எல்லாரும் ஒண்ணாத்தான் போவோம். வேணும்னா கேட்டுப் பாருங்க” என்றாள்.

பைத்தியக்காரப் பெண் உண்மையைச் சொல்லியிருக்கிறாள்! தூங்கிவிட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை.

செக்கர் எங்களைப் பார்த்து, “இந்தப் பொண்ணு உங்களுக்குத் தெரிஞ்சவளா?” என்று கேட்டார்.

சூப்பிரண்டு அக்கா ஏற்கெனவே ஒரு காலைப் படியில் வைத்துவிட்டிருந்தார். “யாரு? எனக்குத் தெரியாது” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். அடுத்தடுத்து மூன்று பேர் உதட்டைப் பிதுக்கிவிட்டு ஏறினார்கள். கடைசியில் நான். அவள் என் முகத்தைப் பார்த்து, “அக்கா, சொல்லுங்கக்கா” என்றாள்.

ஒரே வாக்கியம் போதும். ஆமாம், இன்றைக்கு என் முறை, எனக்காகத்தான் போனாள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என் பெயரையும் எழுதிக்கொள்வார்கள். அலுவலகத்துக்குத் தெரிந்தால் மெமோ வருமோ என்று பயம். மெமோவைவிட, நம்ம ஊர் பிளாட்பாரத்தில், நம்ம தெருக்காரர்கள் நடக்கிற இடத்தில், கறுப்புக் கோட்டு முன்னால் கைகட்டி நிற்பது இருக்கிறதே, அந்த எண்ணமே என் நாக்கை இழுத்துக்கொண்டது. “டெய்லி பார்த்திருக்கேன். அவ்வளவா பழக்கமில்லை” என்றேன்.

செக்கர் அவளைக் கையைப் பிடித்து இறக்கி, ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்காரவைத்தார். டிக்கெட் கவுன்ட்டருக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் பெஞ்சைத் தாண்டித்தான் போக வேண்டும். வண்டி கிளம்பியது. நான் உள்ளே போனேன். ஜன்னலோரத்தில் அவள் எனக்காகப் போட்டிருந்த குடை இருந்தது. குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கீரைக்கார அம்மாள்தான் தாம்பரத்தில் நடந்ததைச் சொன்னார், பெட்டி முழுக்கக் கேட்கும்படி. “டிக்கெட்டு கேட்டாங்க, அந்தப் பொண்ணு சீசன காட்டுச்சு. இது குரோம்பேட்டைதானம்மா, தாம்பரத்துல இன்னா பண்றேன்னாங்க. எங்க அக்காங்களுக்கு சீட்டுப் போட வந்தேன்னு அழுவாம சொல்லிச்சு. அக்காங்க வந்து சொல்லுவாங்கன்னு சொல்லிகினே வந்துச்சு பாவம்.” பிறகு என்னைப் பார்த்தார். “அது உங்களுக்கோசரம் பெஞ்சில குந்திகினு கீது. நீ அது புட்ச்ச சீட்டுல குந்திகினு கீறியே. நீயெல்லாம் இன்னா பொம்பளமா?”

“உன் வேலையைப் பாரு” என்றார் சூப்பிரண்டு அக்கா.

“என் வேல கீர விக்கறது. அத ஒயுங்கா பாத்துகினுதான் கீறேன்” என்றார் அந்த அம்மாள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. சூப்பிரண்டு அக்கா என் பக்கம் சாய்ந்து, “எல்லார் முன்னாடியும் என்னமா அசிங்கப்படுத்தறா பாரு” என்று முணுமுணுத்தார். அவருக்கு அதுவரை அசிங்கமாக எதுவும் நடந்திருக்கவில்லை.

அவளை அரை மணி நேரத்தில் அபராதம் கட்டச் சொல்லி விட்டுவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்த அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. பால்காரர் பார்த்திருக்கிறார், பள்ளிக்கூட வாத்தியார் பார்த்திருக்கிறார், எங்கள் தெருவில் அலுவலகம் போகிற பாதிப் பேர் பார்த்திருக்கிறார்கள். மாலையில் நான் வீடு திரும்பும்போது செக்கர் போலீஸாகியிருந்தார். மறுநாள் காலை, சீட்டுப் பிடித்தது அடிதடியாகியிருந்தது. “பாவம் அந்த அம்மா, அப்பளம் போட்டு வளர்த்தது. பொண்ணால எவ்வளவு அசிங்கம் பாருங்க” என்று எதிர்வீட்டு அம்மாள் என்னிடமே வந்து சொன்னார். நான் “ம்” என்றேன். என் வீட்டுக்காரரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். “நல்லவேளை, நீ மாட்டிக்கலை” என்றார். அகப்பட்டவனுக்கு அஷ்டமத்துச் சனி, ஓடிப்போனவனுக்கு ஒன்பதாமிடத்துக் குரு என்று சும்மாவா சொன்னார்கள்.

நாலு வீடு தள்ளியிருந்த அந்த வீட்டுக்கு நான் போகவில்லை. போக வேண்டும் என்று தினமும் நினைத்தேன். நினைத்ததற்கு மார்க் போடுவார்கள் என்றால் நான் முதல் வகுப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். வாசலில் ஓர் அம்மாள் நின்றார். பட்டும் இல்லாத, சாதாரணமும் இல்லாத புடவை. மாப்பிள்ளைப் பையனின் அக்கா. எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். நிச்சயத்துக்கு முன் பெண் வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் யாரையாவது பிடித்து விசாரிப்பார்கள். விசாரிக்கிறவர்களுக்குக் காபி கொடுத்து, பெண்ணைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவது தெருவின் கடமை. நான் காபி போட்டேன்.

“தப்பா நினைக்காதீங்க. நீங்களும் அந்தப் பொண்ணும் ஒண்ணாத்தான் ட்ரெயின்ல போவீங்கன்னு சொன்னாங்க. ஸ்டேஷன்ல என்னவோ போலீஸ் பிடிச்சு உட்கார வெச்சாங்களாமே? எங்க அம்மா ரொம்ப பயந்துட்டாங்க. என் தம்பி, அதெல்லாம் ஒண்ணும் இருக்காதுக்கா, நீயே போய்க் கேட்டுட்டு வாங்கறான். உங்க வாயால கேட்டா எங்களுக்குப் போதும்” என்றார்.

உங்கள் வாயால் கேட்டால் போதும் என்று ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார். பையனே நம்பத் தயாராக இருக்கிறான். இரண்டாம் தடவையும் கதவு திறந்துதான் இருந்தது. போலீஸ் இல்லைம்மா, டிக்கெட் செக்கர், அதுவும் நான் போக வேண்டிய இடத்துக்கு அவள் போனாள், நாங்கள் ஆறு பேரும் வருஷக்கணக்காகச் செய்கிற திருட்டு இது என்று சொன்னால் தீர்ந்தது. காபியை ஆற்றிக்கொண்டே சொல்லிவிடலாம். ஆனால் அந்த அம்மாள் அதைத் தாம்பரத்தில் நாலு பேரிடம் சொல்வாரே, அந்த நாலு பேர் இங்கே நாலு பேரிடம் சொல்வார்களே என்று என் கணக்கு ஓடியது.

“போலீஸெல்லாம் இல்லைங்க. டிக்கெட் விஷயமா என்னவோ… எனக்குச் சரியாத் தெரியாது. மத்தபடி நல்ல பொண்ணுதான்” என்றேன்.

மத்தபடி. தமிழில் ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்த இதைவிடச் சுத்தமான கருவி கிடையாது. ஒரு பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. கை அழுக்காகாது. அந்த அம்மாள் காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “சரிங்க, ரொம்ப தேங்க்ஸ்” என்று எழுந்தார். வாசல்வரை போய் வழியனுப்பினேன். குங்குமம்கூடக் கொடுத்தேன்.

நிச்சயம் நடக்கவில்லை. ஜாதகத்தில் ஏதோ தோஷம், முன்பு பார்த்த ஜோசியர் கவனிக்கவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் எங்கள் குழுவுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். எங்கள் வண்டிக்கு முந்தைய வண்டியில், பொதுப் பெட்டியில் நின்றுகொண்டு போகிறாள் என்று கேள்விப்பட்டேன். சித்திரை முடிவதற்குள் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். எங்கே போனார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அப்பளம் வாங்க வேறு வீடு பார்த்துக்கொண்டேன்.

நான் மறுமாதமே தாம்பரத்திலிருந்து சீசன் எடுத்தேன். மனம் திருந்தி எடுத்தேன் என்று யாராவது நினைத்தால் அது அவர்களுடைய பெருந்தன்மை. பயந்து எடுத்தேன். மற்றவர்களுக்குத் தெரியாமல் பர்சின் உள்மடிப்பில் வைத்திருந்தேன். சூப்பிரண்டு அக்கா ஓய்வு பெறும்வரை ரிட்டன் நடந்தது. ஒருமுறை அந்தப் பெண்ணின் பேச்சு வந்தபோது, “தூங்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நம்மளையும் சேர்த்து அசிங்கப்படுத்தப் பார்த்தா” என்றார் அவர். மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். நான் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தேன்.

தொண்ணூறுகளில் ஊரப்பாக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு போனோம். செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டியில் போகத் தொடங்கினேன். அங்கேயும் உட்கார இடம் கிடைக்காது. ஒருநாள் காலை ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, “அக்கா” என்று குரல் கேட்டது. அவள்தான். கொஞ்சம் பருத்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். என் கண் முதலில் போனது அவள் கழுத்துக்கு. தாலி இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. எந்த நீதிமன்றமோ என்னை விடுதலை செய்துவிட்ட மாதிரி. அப்படியொரு வெட்கங்கெட்ட நிம்மதியை நான் அதற்கு முன்பும் அனுபவித்ததில்லை, பிறகும் அனுபவித்ததில்லை.

அவள் பக்கத்திலிருந்தவர்களிடம், “கொஞ்சம் நகருங்களேன், எங்க தெருக்காரங்க, பெரியவங்க” என்று சொல்லி, மூன்று பேர் உட்காரும் இடத்தில் எனக்கும் ஓர் ஓரம் உண்டாக்கினாள். உட்கார்ந்தேன். கூடுவாஞ்சேரியில் இருக்கிறாளாம். ஒரு பெண் குழந்தை. கிண்டியில் வேலை. அப்பா தவறிவிட்டார், அம்மா அவளோடுதான் இருக்கிறார். முப்பத்தோரு வயதில்தான் கல்யாணம் ஆனது, இரண்டாம் தாரமாக. இதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பெருங்களத்தூர் தாண்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷம் தூக்கிக்கொண்டு அலைந்ததை இறக்கிவைத்துவிடலாம் என்று தோன்றியது. அவள் கையைத் தொட்டு, “அன்னிக்கு நடந்ததை நினைச்சா எனக்கு இப்பவும் அசிங்கமா இருக்கும்மா” என்றேன். அவள் என்னைத் தேற்றுவாள் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமே இல்லை. ஏதோ கணக்கில் சின்னப் பிழையைத் திருத்துகிறவள் மாதிரி இருந்தது முகம்.

“உங்களுக்கு என்னக்கா அசிங்கம்? பெஞ்சில உட்கார்ந்தது நான். நீங்க சீட்டுல உட்கார்ந்து பீச்சுக்குப் போனீங்க. உங்களை யாரு பார்த்தா?” என்றாள்.

பிறகு பையிலிருந்து கொய்யாப்பழம் ஒன்றை எடுத்து எனக்குப் பாதி கொடுத்தாள். குழந்தையின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினாள். கிண்டி வந்ததும், “வரேன்க்கா, நல்லா தாராளமா உட்காருங்க” என்று சொல்லிவிட்டு இறங்கினாள். நான் அவள் விட்டுப்போன இடத்துக்கு நகர்ந்துகொண்டேன். அன்றைக்கும் பீச் வரை உட்கார்ந்துதான் போனேன்.